தந்தசங்கும் தந்தலேகனமும்: பற்கருவியின் வடிவமும் கூர்மைப் பராமரிப்பும்

பண்டை இந்திய மருத்துவ நூல்களில் பற்காரையை நீக்கக் கூறப்படும் கருவிகள் அனைத்தையும் 'பற்சுரண்டி' என ஒரே சொல்லால் குறிப்பது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியைத் தீட்டும் முறை பற்றிய செய்திகளே இதற்குச் சான்றாகின்றன.

சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் எட்டாம் இயல், கூர்ங்கருவிகளை 20 என வகுக்கிறது. அவற்றுள் ஒன்று தந்தசங்கு. இங்குச் சங்கு என்பது முளையைக் குறிக்கும், வளையை அன்று. தீட்டுவதற்கு உளுந்து நிறமுடைய வழுவழுப்பான கல்லும், தீட்டிய வாயை நிலைநிறுத்த இலவமரப் பலகையும் சொல்லப்படுகின்றன. நாவிதர் கத்தியைக் கல்லில் தீட்டிய பின் தோல்வாரில் இழுப்பதை இவ்விரு படிகளோடு ஒப்பிடலாம். மயிரை அறுக்குமாயின் கருவி நன்கு தீட்டப்பட்டது என்பது சோதனை. சொரசொரப்பான வாய் குற்றமாகும். எலும்பறுக்கும் வாளுக்கு மட்டும் விலக்குண்டு.

வாயின் நுண்மையும் தொழிலுக்கேற்ப அளவிடப்படுகிறது. பிளக்கும் கருவிக்கு மசூர்ப்பருப்பின் விளிம்பளவு. சுரண்டுவதற்கு அதில் பாதி. குத்துவதற்கும் குருதி வடிப்பதற்கும் மயிரளவு. அறுத்து நீக்குவதற்கு அரை மயிரளவு. இவ்வளவுகளுள் எதுவும் தந்தசங்குக்கு உரியதன்று. நூல் அதனைச் சுரண்டும் கருவிகளோடு சேர்க்காமல், தூண்டில் போன்ற படிசத்தோடு சேர்த்து, 'ஆகரணம்', அதாவது இழுத்தெடுத்தல் என்னும் தொழிலுக்கு உரியதாக்குகிறது. சற்றே வளைந்த நுனியே அதற்குக் கூறப்படும் இலக்கணம், வாயளவு இல்லை. சிகிச்சைப் பகுதியும் பல்லின் அடியை ஊறுபடுத்தாது காரையைப் பெயர்த்தெடுக்கவே பணிக்கிறது.

பிற்பட்ட வாக்படரின் அட்டாங்க இருதயத்தில் பெயரே மாறுகிறது. அங்குக் கருவி தந்தலேகனம். நாற்பட்டை வடிவும் ஒரே வாயும் உடையது. இம்மாற்றத்தைப் பெயர் வேறுபாடாக மட்டும் கொள்ளுதல் போதாது. முள் போன்ற நுனியைக் கல்லில் தேய்க்குந்தோறும் நுனியின் வடிவமே குறையும். பட்டையும் ஒற்றை வாயும் உள்ள கருவியையோ கல்லின்மேல் படியவைத்து, கோணம் மாறாமல் மீண்டும் மீண்டும் தீட்டலாம். இது வடிவத்திலிருந்து பெறும் ஊகமே. எனினும் 'பற்சுரண்டி' என்னும் பொதுப்பெயர் இவ்வேறுபாட்டைக் காணவே விடுவதில்லை.

தீட்டிய வாயைக் காப்பதிலும் வாக்படர் கருத்துடையவர். 9 விரல் அகலமும் 12 விரல் நீளமும் கொண்ட, பட்டு, மென்தோல் முதலியவற்றால் தைத்த கருவிப்பையை அவர் விதிக்கிறார். கருவிகள் அதனுள் கம்பளியிடையே வைக்கப்பட வேண்டும்.