ஒரே ஆவணம், இருவேறு நீதி: அமெரிக்காவின் 1986 குடியேற்றச் சட்டம் குறித்து

அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுக் குடியேற்றச் சீர்திருத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதியற்றவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுப்பதில் ஏன் தோற்றது என்பதற்கு ஒரு விடை அடிக்கடி தரப்படுகிறது. சட்டம் சரியானதே, அமல்படுத்தப் போதிய அதிகாரிகள் இல்லை, போலி ஆவணங்கள் பெருகிவிட்டன. இவை நடந்தவைதாம். ஆனால் இவை விளைவுகள். காரணம் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

வேலைக்கு வருபவர் காட்டும் ஆவணம் பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினாலே முதலாளி தன் சரிபார்ப்புக் கடமையை முடித்தவராகிறார் என்கிறது அச்சட்டம். இச்சரிபார்ப்புக்கான ஐ-9 படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். தனக்கு வேலை செய்யும் தகுதி உண்டென்று முதற்பகுதியில் தொழிலாளி உறுதிகூறிக் கையொப்பமிடுகிறார். அடுத்த பகுதியில் முதலாளி, தாம் அறிந்தவரை அது சரியே என்கிறார். ஆவண நகலை வைத்திருக்கும் பொதுக் கட்டாயம்கூட அவருக்கு இல்லை. படிவங்களைச் சோதிக்க வரும் அதிகாரிகள் மூன்று வேலைநாள் முன்னறிவிப்புத் தரவேண்டும்.

லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடிமக்களை முதலாளிகள் சந்தேகித்து ஒதுக்காதிருக்கவே இந்தச் சலுகை என்பார்கள். நோக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1990இல் அளித்த அறிக்கையே, இச்சட்டத்தால் பாகுபாடு பரவியதாகக் கண்டது. தான் காக்க நினைத்தவர்களையும் அது காக்கவில்லை.

இந்தச் சலுகையின் முழுப்பொருளை 2002ஆம் ஆண்டின் ஹாஃப்மன் பிளாஸ்டிக் தீர்ப்பில் காண்கிறேன். கலிபோர்னியா ஆலையொன்றில் 1988இல் நண்பரின் பிறப்புச் சான்றிதழைக் காட்டிச் சேர்ந்த தொழிலாளி, சங்கம் அமைக்கும் முயற்சியை ஆதரித்ததற்காக 1989இல் நீக்கப்பட்டார். அந்த நீக்கம் சட்டவிரோதம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அவருக்குச் சேரவேண்டிய 66,951 டாலர் ஊதிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுத்தது. இனி அப்படிச் செய்யாதிருக்க ஆணை, ஆலையில் ஓர் அறிவிப்பு: முதலாளிக்கு நேர்ந்தது அவ்வளவே. அவரைக் காத்த அதே சான்றிதழ் தொழிலாளியின் உரிமையைப் பறித்தது. இழப்பீடு இல்லையென்றால் சட்டமீறல் முதலாளிக்கு மலிவாகிவிடும் என்று நீதிபதி பிரையர் தம் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார்.

இத்தீர்ப்பை 1986 சட்டத்திலிருந்து நீதிமன்றம் வழுவியதாகவே பலர் வாசிக்கின்றனர். தொழிலாளர் பாதுகாப்பைக் குறைப்பது தன் நோக்கமல்ல என்ற கீழவைக் குழுவின் அறிக்கை அவர்களுக்குச் சான்று. ஆனால் குழு அறிக்கை சட்டமாகாது. பழியை ஒரே பக்கம் சாய்த்த சட்டத்தை அதன் போக்கிலேயே நீதிமன்றம் முடித்துவைத்தது என்றே நான் கருதுகிறேன்.

ஒரு வழக்கைக்கொண்டு ஒரு சட்டத்தை அளப்பதில் அபாயம் உண்டு. ஆனால் 2008 மே மாதம் அயோவாவின் போஸ்ட்வில் இறைச்சி ஆலையில் நடந்த சோதனையும் இதே திசையையே காட்டுகிறது. கைதான 389 பேரில் பெரும்பாலோர் ஆவணக் குற்றங்களுக்காகச் சில நாட்களிலேயே தண்டிக்கப்பட்டனர். மேற்பார்வையாளர் சிலரும் தண்டனை பெற்றனர் என்பது உண்மை. ஆலைத் தலைமை நிர்வாகியோ வங்கி மோசடிக்காகச் சிறை சென்றார். அவர்மீதான குடியேற்றக் குற்றச்சாட்டுகளை அரசே கைவிட்டது.

அதிகாரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. குடியேற்றத் தகுதி எதுவாயினும், உழைத்தவருக்கு இழப்பீடு கோரும் உரிமையை நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதித் தரவேண்டும். அதுவரை, மலிவு உழைப்பைத் தேடும் முதலாளிக்கு இச்சட்டம் தடையாக இராது.