ரங்கூன் அப்பத்தா வந்த வழி

எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் ரங்கூன் அப்பத்தா கப்பலில் வந்தார் என்றுதான் சொல்வார்கள். அவர் என் அப்பாவுடைய அப்பத்தா. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். கணவர் ரங்கூனில் அரிசி மில் கணக்கப்பிள்ளை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகை 4 லட்சம், அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அப்பத்தாவும் கல்யாணமான கையோடு அங்கே போனார், 1942-ல் யுத்தத்தில் திரும்பினார், 1978-ல் காலமானார். அவ்வளவுதான் வரலாறு. தாத்தாக்களைப் பற்றிக் கேட்டால் நிலம், கோர்ட்டு வழக்கு, பங்காளிச் சண்டை என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். பாட்டிகளுக்கு இரண்டு வரி!

வேலை என்னைக் குவாஹாத்தியில் கொண்டுவந்து போட்டது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை இந்தப் பக்கம் அடிக்கடி காதில் விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டுப் பெரிய அத்தையைப் பிடித்தேன். சின்ன வயதில் அப்பத்தா பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவர்.

இதில் ஒரு விஷயம். நம் பாட்டிமார்களிடம் எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டால் ஒன்றும் தேறாது. என்ன பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். அத்தை நான்கு சொன்னார். மாந்தளை எரிந்ததைப் பார்த்தாராம். மலையில் விடாத மழை, காலெல்லாம் அட்டை. அப்புறம் ஒரு பெரிய ஊர், ஒரு குவளை கஞ்சி கேட்கக்கூட ஆள் இல்லை. கடைசியில் கப்பல்.

ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. மறுபடி கிறிஸ்துமஸ் அன்று. ஊரே காலியாக ஆரம்பித்தது. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போய்விட்டது. மாந்தளை குண்டு விழுந்து எரிந்தது ஏப்ரல் 3. அந்தத் தீயைப் பார்த்தவர் அதற்கப்புறம் ரங்கூனுக்குத் திரும்பி எந்தக் கப்பலில் ஏறியிருக்க முடியும்?

ஆக, நடைதான். சிந்த்வின் ஆற்றைத் தாண்டி, தமு வழியாக மலையேறி இம்பால். தமுவிலிருந்து இம்பால் சுமார் 110 கிலோமீட்டர், முக்கால்வாசி மலை. மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஆளில்லாத ஊரும் புரிந்தது. மே 10-ல் இம்பாலில் குண்டு விழுந்தது, ஜனங்கள் ஓடிவிட்டார்கள். அப்பத்தா வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. அந்த வருஷம் இப்படி பர்மாவிலிருந்து வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே போனவர்கள் ஆயிரக்கணக்கில். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கவனிப்பு, இந்தியர்களுக்கு வேறு கவனிப்பு என்று அப்போதே நம் தலைவர்கள் கண்டித்தார்கள். (நாம் ரயிலில் ஏசி வேலை செய்யவில்லை என்று டிடிஇ-யிடம் சண்டை போடுகிறோம்.)

அப்படியானால் கப்பல்? விடை என் வீட்டிலிருந்து ஆட்டோ தூரத்தில் இருந்தது. திமாப்பூரில் ரயில் ஏறினால் குவாஹாத்தியில் பாண்டு. அப்போது பிரம்மபுத்திராவுக்குப் பாலம் கிடையாது, சராய்காட் பாலம் வந்தது 1962-ல். பாண்டுவில் இறங்கி, நீராவிப் படகில் அக்கரை ஆமிங்காவ் போய், மறுபடி ரயில் பிடித்துத்தான் கல்கத்தா. மழைக்காலத்தில் பிரம்மபுத்திராவுக்கு அக்கரை சரியாகத் தெரியாது. அப்பத்தாவுக்கு அதுதான் கடல், அதுதான் கப்பல். பேரன்மார்கள் அந்தக் கப்பலை ரங்கூனிலிருந்தே ஓட்டிவிட்டார்கள்!

கணவர் இந்தக் கூட்டத்தில் இல்லை. மில்லை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டார், யுத்தம் முடிந்துதான் ஊர் வந்தார். அப்பத்தா மாந்தளைக்குக் கிளம்பிய ஒரு கூட்டத்தோடு சேர்ந்து, ஏழு வயதுத் தாத்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"இடுப்புல இருந்ததச் சொல்லலியே" என்றார் அத்தை.

இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பால் மறக்காத பிள்ளை. தமு தாண்டி மலையில் காய்ச்சல், இரண்டே நாள். அங்கேயே குழி தோண்டிப் போட்டுவிட்டு நடந்தார்களாம். தாத்தா இதைக் கடைசிவரை வாய் திறந்து சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் வைகாசியில் ஒரு சாமி கும்பிடுவார்கள். சாமி அறை மூலையில் ஒரு ஓலைப்பெட்டி, அதற்குள் சாண் அகலத்தில் ஒரு சிட்டாடை, கண்ணாடி வளையல், மஞ்சள் துண்டு. கன்னிக்குப் படைக்கிறது என்பார்கள். எந்தக் கன்னி என்று நானும் கேட்டதில்லை, அம்மாவுக்கும் தெரியாது. ஊர் வந்த மறு வருஷம் அப்பத்தா ஆரம்பித்த கும்பிடு அது என்று அத்தை சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

சித்தப்பா ஏழு தலைமுறைக்கு வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார், பெரும்பாலும் ஆண்கள். அவருக்குப் போன் செய்தேன். பெயர் தெரியாமல் எப்படிப்பா போடுறது என்றார். அத்தையிடமும் பெயர் இல்லை, பாப்பா என்றுதான் அப்பத்தா சொல்வாராம். ஒரு வாரம் கழித்து சித்தப்பா போட்டோ எடுத்து அனுப்பினார். தாத்தா பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு. "பாப்பா. பிறப்பு ரங்கூன், 1940 வாக்கில். இறப்பு தமு மலைப்பாதை, 1942 மே."