சாவா மூவாப் பேராடும் ஆராய்ச்சிச் சாலையும்

திருக்கோயில் ஒன்று புதுப்பொலிவு பெற்றுக் குடமுழுக்கு நிறைவேறும் நன்னாளில், அடியார் உள்ளம் விமானத்தையும் கலசத்தையும் நோக்கி நிற்பது இயல்பு. அவ்விமானத்தின் அடியில், அதிட்டானக் கற்களில் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ள எழுத்துக்களை நோக்குவோர் மிகச் சிலரே. ஆயின், கோயில் வாழ்ந்த கதை அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. நிலம் தந்தவர், பொன் தந்தவர், ஆடு தந்தவர், அவற்றை ஏற்றுக் காப்பதாக ஒப்புக்கொண்டவர் ஆகிய அனைவர் பெயரும் அக்கற்களில் உள்ளன. இன்று உலகெங்கும் கல்விக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்கும் பொருள் வழங்கும் பெரும் நிறுவனங்களைத் தமிழில் 'அறக்கட்டளை' என்கிறோம். அச்சொல்லின் பிற்பாதியாகிய 'கட்டளை' கோயில் வழக்கிலிருந்து வந்ததே. உச்சிக்காலக் கட்டளை, அர்த்தசாமக் கட்டளை என்று வழங்கிய சொல்லே கல்லூரிக்கும் ஆராய்ச்சிச் சாலைக்கும் உரியதாக விரிந்தது. சொல் மட்டுமன்று, அதன் உள்ளே அமைந்த முறையும் கோயிலுக்குப் பழகிய முறையே.

முதல் அழியாத கொடை

சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் வழங்குவது தஞ்சைப் பெரிய கோயிலில் நிலவிய வழக்கம். ஆடு இல்லையேல் 48 பசுக்கள், அன்றேல் 16 எருமைகள். பிற ஊர்களில் 90 ஆடுகள் என்ற கணக்கும் உண்டு. இவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் இறக்கும், மூப்பெய்தும். எனினும் குட்டிகளைக் கொண்டு அவற்றின் இடத்தை நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையர் கடமை. பெருக்கத்தின் மிகுதி அவர் ஊதியம். ஆகவே அம்மந்தைக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயரிட்டனர். சாதலும் மூத்தலும் இல்லாத பெருமந்தை என்பது பொருள்.

பொற்காசுகளைக் கொடையாகப் பெற்றபோதும் நெறி அதுவே. தஞ்சைக் கோயிலின் காசுகள் ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. வட்டி பூசைக்குச் செல்லும், முதல் நிற்கும். இந்நாளில் அறக்கட்டளைகள் கொள்ளும் அடிப்படை விதி இதனின் வேறன்று. மூலதனத்தை உண்ணாமல், அதன் வருவாயைக் கொண்டு ஆண்டுதோறும் மாணவருக்கு உதவித்தொகையும், ஆய்வாளருக்குக் கருவியும், பேராசிரியருக்கு ஊதியமும் அளிப்பதே அவ்விதி.

விளக்குக்கு வழங்கிய இம்முறையைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் விரித்தவர்களும் சோழர் காலத்தவரே. இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எண்ணாயிரம் என்னும் ஊரின் பெருமாள் கோயிலில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியைப் பற்றிக் கூறுகிறது. அங்கே 340 மாணவர் பயின்றனர். வேதமும் தொடக்க இலக்கணமும் கற்ற இளமாணவர் 270 பேர். உயர்நிலையில் வியாகரணம் 25 பேர், பிரபாகர மீமாம்சை 35 பேர், வேதாந்தம் 10 பேர் என 70 பேர் இருந்தனர். இவர்கள் அனைவருக்கும் நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. உயர்கல்வி மாணவருக்கு அளவு மிகுதி. இச்செலவுக்கென 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது.

காஞ்சிக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் பள்ளியோடு மருத்துவமனையும் குறிக்கப்படுகிறது. பதினைந்து படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மருந்துக்கு வேண்டிய மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் என எல்லாம் அங்கே வகுக்கப்பட்டன. ஆண்டு முழுமைக்கும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. இறைவன் திருமுன் எரியும் விளக்கும் நோயாளி அருகே எரியும் விளக்கும் ஒரே அறத்தின் இரு சுடர்கள் என்று அக்காலத்தவர் கருதினர்.

ஆயின் ஒன்றை மறைத்தலாகாது. எண்ணாயிரத்தில் இன்று கல்வெட்டு இருக்கிறது, கல்லூரி இல்லை. திருமுக்கூடலில் மருந்துப் பட்டியல் இருக்கிறது, மருத்துவமனை இல்லை. சாவா மூவா எனப் பெயரிட்ட மந்தைகளும் மறைந்தன. பெயரால் மட்டும் எந்த முதலும் அழியாமல் நிற்பதில்லை. எண்ணுவோர் உள்ளவரை ஆடுகள் 96. எண்ணுவோர் இல்லாத நாளில் அவை ஏட்டுக்கணக்கே. இதனை அறிந்தே முன்னோர், அறத்தைச் செய்தவர் பெற்ற புண்ணியத்தினும் அதைக் காப்பவர் பெறும் புண்ணியம் மேல் என்று கல்வெட்டு முடிவில் மீண்டும் மீண்டும் பொறித்தனர். காப்போர் திருவடியைத் தம் தலைமேல் தாங்குவதாகவும் எழுதி வைத்தனர்.

பச்சையப்பர் அறம்

காவல் இன்றி ஓர் அறம் எவ்வாறு உறங்கும், காவல் கிடைத்தபின் எவ்வாறு எழும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1754இல் பிறந்த பச்சையப்ப முதலியார் தந்தையின் முகம் காணாதவர். நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, வணிகத்தாலும் துபாஷித் தொழிலாலும் பெருஞ்செல்வர் ஆனார். ஆலய வழிபாட்டில் ஆழ்ந்த பற்றுடையவர். 1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், நாற்பது வயதளவில் இறைவனடி சேருமுன், தம் செல்வத்தைக் கோயில் வழிபாட்டுக்கும் அறப்பணிகளுக்கும் உரியதாக்கி விருப்ப ஆவணம் எழுதினார்.

எழுதியவர் மறைந்தார்; எழுதியது நிறைவேறவில்லை. உரிமை கோரியோர் பலர், வழக்குகள் பல. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவ்வறம் நீதிமன்றப் படிகளில் கிடந்தது. பின்னர், சென்னை அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் ஊக்கம் காட்டினார். நீதிமன்றம் அறத்தை மீட்டது. அதற்குள் வட்டியும் சேர்ந்து தொகை பெருகியிருந்தது. ஆவணத்தில் கூறிய கோயில் அறங்களுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கி வைத்தபின், எஞ்சிய தொகையைக் கல்விக்குச் செலவிட இசைவு கிடைத்தது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஆலயத்துக்கென எழுதிய செல்வத்தின் மிகுதியைப் பள்ளிக்கு அளித்தல் கொடையாளர் கருத்துக்கு மாறாகாதா? எந்தக் கட்டளைக்கும் இவ்வினா நியாயமானதே. விளக்கை அணைத்துப் பள்ளி திறந்திருப்பின் அது பிழையாகும். அங்கே விளக்குகள் அணையவில்லை. அவற்றுக்குரிய பங்கு முதலில் காக்கப்பட்டது. விளக்குக்கு மிஞ்சிய நெய்தான் வேறோர் இருளை நீக்கச் சென்றது. எண்ணாயிரத்திலும் திருமுக்கூடலிலும் கோயிலின் நிழலிலேயே கல்வி வளர்ந்த நாட்டில், அதனைப் புதுவழி என்று கூறுதலும் பொருந்தாது.

1842இல் சென்னை நகரில் பச்சையப்பர் பெயரால் பள்ளி தொடங்கியது. 1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது. ஆங்கில அரசின் பள்ளிகளையும் பாதிரிமார் பள்ளிகளையும் சாராமல், இந்நாட்டவர் ஒருவரின் செல்வத்தில் இந்நாட்டுப் பிள்ளைகள் உயர்கல்வி பெற அது வழி திறந்தது. 1906இல் கும்பகோணத்திலிருந்து வந்த ஏழை மாணவர் ஒருவர் அக்கல்லூரியில் சேர்ந்தார். கணக்கில் மட்டும் மூழ்கிப் பிற பாடங்களில் தேறாமல் வெளியேறிய அவர்தாம் சீனிவாச இராமானுசர். தேர்வு முறை அவரை அளக்கவில்லை. 1911இல் நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்தில் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்து அவரைத் தாங்கினார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. உலகம் வியந்த கணித மேதையை இந்நாட்டில் தாங்கிய பொருளுதவிகள் இவை. சிறு தொகையும் உரிய காலத்தில் உரியவர் கையை அடைந்தால் என்ன பயன் தரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

காணாத கனிக்கு நட்ட மரங்கள்

கல்விக்கு ஈவதினும் ஆராய்ச்சிக்கு ஈவது கடினம். பள்ளி கட்டியவர் அடுத்த ஆண்டே மாணவரைக் காண்பார். ஆராய்ச்சிச் சாலை கட்டியவர் தம் வாழ்நாளில் எதையும் காணாதிருக்கலாம். இவ்வுண்மையை இரு பெரியோர் வாழ்வு காட்டுகிறது.

கல்கத்தாவில் மருத்துவராக விளங்கிய மகேந்திரலால் சர்க்கார், இந்தியர் தாமே நடத்தும் அறிவியல் நிலையம் வேண்டும் என்று 1869 முதல் எழுதியும் பேசியும் பொருள் திரட்டினார். 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. விசயநகரம் மகாராசாவின் கொடையால் ஆய்வுக்கூடமும் எழுந்தது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன. முழு மனத்துடன் ஆராய்வோர்தாம் அரியராயினர். அக்குறையுடனேயே 1904இல் சர்க்கார் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1907இல், நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்த தமிழ் இளைஞர் ஒருவர் அக்கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்த சி. வி. இராமன் அவர். காலையும் மாலையும் அலுவல் நேரம் நீங்கிய பொழுதெல்லாம் அங்கே ஆராய்ந்தார்.

அவரை அலுவலகத்திலிருந்து முழுமையாக விடுவித்ததும் ஓர் அறக்கொடையே. வழக்கறிஞர் தாரகநாத் பாலித் 1912இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குப் பெருங்கொடை அளித்தபோது, அதனால் அமையும் பேராசிரியர் பதவி இந்தியருக்கே உரியது என்று விதித்தார். 1917இல் இராமன் பாலித் பேராசிரியர் ஆனார். 1928 பிப்ரவரி 28இல் சர்க்காரின் கழகக் கட்டடத்தில், கே. எசு. கிருட்டிணன் உடனுழைக்க, ஒளிச்சிதறலில் புதுமையொன்றைக் கண்டார். 1930இல் நோபல் பரிசு வந்தது. கட்டடம் ஒருவர் தந்தது, கூடம் மற்றொருவர் தந்தது, பதவி பின்னொருவர் தந்தது. மூவர் அறமும் ஓரிடத்தில் கூடியபின் ஒளி பிறந்தது.

அதே 1904இல் மறைந்த மற்றொருவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. 1893இல் யோக்கோகாமாவிலிருந்து வான்கூவர் சென்ற கப்பலில் சுவாமி விவேகானந்தரும் அவரும் உடன் பயணம் செய்தனர். 1898இல் டாட்டா 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்துக்களை ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அளிக்க முன்வந்தார். அத்திட்டத்துக்குத் துணை வேண்டிச் சுவாமிகளுக்குக் கடிதமும் எழுதினார். அவர் தந்தவை கட்டடங்களும் மனைகளுமே. வாடகை ஆண்டுதோறும் வரும், சொத்து நிற்கும். இதுவும் சாவா மூவாப் பேராட்டின் வழியே. அரசப் பிரதிநிதி கர்சன் பிரபு, மாணவர் வருவரா, பயின்றவர்க்கு வேலை உண்டா என்று ஐயுற்றார். விடை கிடைக்குமுன் டாட்டா மறைந்தார். அவர் மைந்தர்கள் வாக்கைக் காத்தனர். மைசூர் அரசு பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் அளித்தது. 1909இல் இந்திய அறிவியல் நிலையம் சட்டப்படி அமைந்து, 1911இல் முதல் மாணவரை ஏற்றது. டாட்டா தம் பெயரை அதற்கு இட விரும்பவில்லை. ஆயினும் பெங்களூர் மக்கள் அதை இன்றும் டாட்டா நிலையம் என்றே அழைக்கின்றனர்.

செட்டிநாட்டின் கொடை

தமிழகத்தில் இந்நெறியின் நிறைவைச் செட்டிநாட்டில் காணலாம். வணிகத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி, பாழடைந்த ஆலயங்களுக்குத் திருப்பணி செய்து, வேதபாடசாலைகளையும் நடத்திய மரபு நகரத்தார் மரபு. அம்மரபில் 1909இல் கோட்டையூரில் பிறந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1947இல் காரைக்குடியில் கல்லூரி நிறுவினார். விடுதலை பெற்ற நாட்டில் தேசிய ஆய்வுக்கூடங்கள் அமையவிருப்பதை அறிந்து, அவற்றுள் ஒன்று காரைக்குடிக்கு வருமாறு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 சூலை 25இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் டாக்டர் இராதாகிருட்டிணன் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். மின்கலமும் மின்முலாமும் அங்கே ஆராயப்பட்டன. கடற்காற்று இரும்பை அரிக்கும் முறையை அறிய மண்டபத்தில் சோதனைக் களமும் அமைந்தது. நெல்லும் உப்பும் வணிகமும் அறிந்த வறண்ட பூமியில் மின்வேதியியல் வேரூன்றியது. 1957இல், நாற்பத்தெட்டு வயது நிறையுமுன் வள்ளல் மறைந்தார். 1985இல் அவர் பெயரால் பல்கலைக்கழகமே எழுந்தது.

காவலே கொடை

எண்ணாயிரம் முதல் காரைக்குடி வரை நின்ற அறங்களையும் நில்லாத அறங்களையும் ஒப்பிட்டால் சில உண்மைகள் விளங்கும். முதலை உண்ணாத கொடை நிலைக்கும். எதற்கு ஈகின்றோம் என்பதை ஐயத்துக்கு இடமின்றி எழுதிய கொடை நிலைக்கும். கணக்குக் காட்டும் காவலர் கையில் உள்ள கொடை நிலைக்கும். ஆராய்ச்சிக்கு ஈந்தோர் இவற்றோடு பொறுமையும் சேர்த்து ஈந்தனர். பயனை இந்நாளே காட்டுக என்று அறிஞரை நெருக்காமல், அவர் உள்ளம் சென்ற வழியே செல்ல விட்டனர். பயன் கருதாது வினை செய்க என்னும் கீதையின் உபதேசத்தை ஆய்வுக்கூடத்தின் வாயிலில் கடைப்பிடித்தவர் அவர்களே.

திருப்பணி நிறைவேறிய கோயிலில் கலசத்தின்மீது நன்னீர் பொழிகிறது. அந்நீர் வடிந்தபின் தொடங்குவதே உண்மையான பணி. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அடுத்த குடமுழுக்குக் காணும் வரையில் விளக்கு எரிய வேண்டும், கட்டளை நடக்க வேண்டும், கணக்கு நேராக வேண்டும். இக்கோயிலுக்கு ஈந்த கைகள் ஏழை மாணவர் ஒருவரின் கல்விக்கும், நோய் தீர்க்க ஆராயும் அறிஞர் ஒருவரின் உழைப்புக்கும் நீளுமாயின், திருமுக்கூடலின் பழைய விளக்கு மீண்டும் எரியும். அறம் செய்தோரும் வாழ்க! அதனைக் காப்போர் அவரினும் பல்லாண்டு வாழ்க!