போவாப் பாம்பின் நிறமும் ஒரு கருதுகோளின் வீழ்ச்சியும்

அறிவியலின் வரலாறு பெரிதும் ஆய்வுகூடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சந்தையின் பொருட்டு உயிரினங்களை வளர்ப்போரின் அனுபவம் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றது. போவாப் பாம்பின் நிறவியல்புகள் பற்றிய ஆய்வு இக்குறையை நன்கு புலப்படுத்துவதாகும்.

அமெரிக்கக் கண்டங்களுக்குரிய போவா, குட்டி ஈனும் பாம்பாகும். அதனை வளர்த்து விற்போர், அரிய நிறங்கள் கூடிய விலை பெறுவதால் அவற்றைத் தெரிந்து இனம்பெருக்கினர். இந்நிறங்களுட் பல பின்னிடைவானவை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் உரிய பரம்பரை அலகு கிடைத்தாலன்றி அவை வெளித்தோன்றா. கருநிறமியற்ற இரு வேறு வழிகளைச் சேர்ந்த பாம்புகளைக் கலந்தபோது குட்டிகள் இயல்பான நிறத்துடனேயே பிறந்தன. தோற்றம் ஒன்றாயினும் அதற்குக் காரணமான அலகுகள் இரண்டு என்பது இவ்வாறு வளர்ப்போரின் கூடுகளிலேயே புலனாயிற்று.

இதே பாம்பைப் பற்றி ஆய்வுலகம் கொண்டிருந்த கருத்தொன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆய்வாளர் பெசாக் முதலியோரும் சுசுமு ஓனோவும் பாம்புகளின் நிறமூர்த்தங்களைப் பறவைகளினவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். விரியன் முதலியவற்றிற் பெண்ணின் இலிங்க நிறமூர்த்தங்கள் இரண்டும் வேறுபட்டிருந்தன. இது இசெட்–டபிள்யூ முறை எனப்படும். போவாவிலோ அத்தகைய வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. எனினும், அதே முறையின் தொடக்கநிலையே போவாவில் உள்ளது எனக் கொள்ளப்பட்டது. நேரடிச் சான்றின்றியே இக்கருத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைபெற்றது.

2010ஆம் ஆண்டில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் பூத் முதலியோர் ஒரு விந்தையை வெளியிட்டனர். ஆண்களோடு வைக்கப்பட்டிருந்த பெண் போவா ஒன்று இரு ஈற்றில் 22 குட்டிகளை ஈன்றது. அனைத்தும் பெண்கள், அனைத்தும் தாயின் ‘கரமல்’ என்னும் அரிய பின்னிடைவு நிறத்தையே கொண்டிருந்தன. அவ்வலகற்ற ஆண் தந்தையாயிருப்பின் குட்டிகள் இயல்பான நிறம் பெற்றிருக்கும். டீ.என்.ஏ. சோதனையும் தந்தையின் பங்கு இல்லை என்பதை உறுதிப்படுத்திற்று. இது கன்னிப்பிறப்பே. ஆயினும் பழைய கருதுகோளின்படி இக்குட்டிகள் டபிள்யூ–டபிள்யூ அமைப்புடையனவாதல் வேண்டும்; அவ்வமைப்புடையவை உயிர்வாழா என்றே அதுகாறும் கருதப்பட்டது. ஆய்வாளர் கருதுகோளைக் கைவிடாது, இயலாதெனக் கருதியது இயன்றது என விளக்கினர்.

2017ஆம் ஆண்டில் டோனி கம்பிள் தலைமையில், பூத்தும் பங்குகொண்ட ஆய்வொன்று, போவாவிலும் பர்மிய மலைப்பாம்பிலும் ஆண்களுக்கே உரிய டீ.என்.ஏ. குறிகளைக் கண்டறிந்தது. மாறுபட்ட நிறமூர்த்தம் இங்கு பெண்ணிடமன்றி ஆணிடமே உள்ளது. மனிதரிற் போல இது எக்ஸ்–வை முறையாகும். இரண்டு எக்ஸ் உடைய தாய் தனித்து ஈன்றால் பெண்களே பிறப்பர். முன்னைய விந்தை இதனால் எளிதில் விளங்கிற்று.

பாம்பின் நிறம் தந்த சான்று 2010இலும் 2017இலும் ஒன்றே. மாறியது அதனைப் பொருள்கொண்ட சட்டகமே. ஓரினத்திற் கண்டதைப் பிறிதோரினத்திற்கு ஏற்றியுரைத்த அனுமானம், நூல்தோறும் வழங்கியமையால் உண்மையெனத் தோற்றம் பெற்றது. வளர்ப்போர் இலாபம் கருதியே நிறத்தைப் பேணினர் என்பது மெய்யே; எனினும் அவர்கள் பேணிய நிறம் ஆய்வுலகின் அனுமானத்தை மீள்பரிசோதனைக்கு உட்படுத்தத் துணைநின்றது. அறிவு எங்கிருந்து வருகின்றது என்பதைவிட, அது எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதையே வரலாற்றாசிரியர் வினவுதல் வேண்டும்.