மேற்கிந்தியரும் பிரித்தானிய ஆகாயப்படையும்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நம் நாட்டவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட் ஆட்டமே. அத்தீவுகளிலிருந்து ஏறத்தாழ 6,000 இளைஞர் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய ஆகாயப்படையிற் சேர்ந்து பணியாற்றினர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்களுட் பெரும்பாலோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள். தம்மை அடிமை கொண்ட பேரரசுக்காக இவர்கள் உயிரைப் பணயம் வைத்தது ஏன்? அந்த விசுவாசம் எத்தகையது?

போருக்கு முந்திய ஆண்டுகளில் அத்தீவுகள் அமைதியாக இருக்கவில்லை. கரும்புத் தோட்டங்களிலே கூலி குறைவு, நகரங்களிலே வேலையின்மை. 1937ஆம் ஆண்டில் திரினிடாட்டிலும் பார்படோசிலும், 1938இல் ஜமெய்க்காவிலும் வேலைநிறுத்தங்களும் கலகங்களும் மூண்டன. காரணத்தை ஆராய மோயின் பிரபு தலைமையில் ஓர் ஆணைக்குழு அனுப்பப்பட்டது. அது கண்ட வறுமை நிலை பகைவரின் பிரசாரத்துக்குப் பயன்படும் என்று அஞ்சிய அரசாங்கம், அறிக்கையை முழுமையாக வெளியிட்டது 1945ஆம் ஆண்டிலேதான்.

ஆகாயப்படையின் வாயிலோ அம்மக்களுக்கு அடைத்தே கிடந்தது. தூய ஐரோப்பிய வமிசத்தினர்க்கே அங்கு இடம் என்பது விதி. 1939 ஒக்டோபரில் அவ்விதி தளர்த்தப்பட்டது. அதுவும் போர்க்காலத்துக்கு மட்டுமே. விதி தளர்ந்தபோதும் மனம் தளரவில்லை. 1940ஆம் ஆண்டில் பில்லி ஸ்ட்ராகன் என்னும் ஜமெய்க்கா இளைஞர் தம் சைக்கிளையும் சாக்சபோன் வாத்தியத்தையும் விற்றுக் கப்பற் கட்டணம் தேடி இலண்டன் சேர்ந்தார். ஆகாயப்படை அலுவலக வாயிலில் நின்ற காவலாளி தம்மை ஏசித் துரத்த முயன்றதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். எனினும் அவர் படையிற் சேர்ந்தார்; விமானத் துப்பாக்கி வீரராகப் பறந்து, பின்னர் விமானியும் ஆனார்.

இவ்விளைஞரை ஈர்த்தவை பல. பள்ளிக்கூடத்திலே அவர்கள் கற்றது இங்கிலாந்தின் சரித்திரம். பாடியது அதன் மன்னரின் புகழ். ஊரில் வேலையில்லை, வானிற் பறக்கும் ஆசையோ பெரிது. இவற்றினும் மேலான காரணம் ஒன்றுண்டு. நிறத்தையும் இனத்தையும் கொண்டு மனிதரைத் தரம் பிரித்த ஹிட்லர் வென்றால் தம் கதி என்னாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அவர்கள் ஏற்ற ஆபத்துச் சிறிதன்று. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் விமானமேறிய ஏறத்தாழ 1,25,000 பேருள் 55,573 பேர் மாண்டனர். அப்படையிலே திரினிடாட்டைச் சேர்ந்த உல்ரிக் குரோஸ், விமானத்துக்கு வழிகாட்டும் அதிகாரியாக 80 தடவை பகைவர் வான்வெளிக்குச் சென்று மீண்டார். இரு உயர் வீர விருதுகளையும் பெற்றார். அவர் பணியாற்றிய 139ஆம் அணிக்கு ஜமெய்க்கா அணி என்று பெயர். குண்டுவீச்சு விமானங்கள் வாங்க ஜமெய்க்கா மக்கள் நிதி திரட்டி உதவியமைக்கு நன்றியாக இடப்பட்ட பெயர் அது. கயானாவைச் சேர்ந்த சை கிராண்ட் 1943ஆம் ஆண்டு ஒல்லாந்து வானில் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். ஜேர்மன் பத்திரிகையொன்று அவருடைய படத்தை வெளியிட்டு, இன்ன இனத்தவரென்று சொல்லமுடியாத வீரர் என எள்ளியது.

எள்ளியவர் பகைவர் மட்டுமல்லர். இரண்டு ஆண்டு சிறையிருந்து மீண்ட கிராண்ட், சட்டம் பயின்று தேறியும் இலண்டனில் வழக்கறிஞராகத் தொழில் நடத்த இடம் கிடைக்கவில்லை. நடிகராகவும் பாடகராகவும் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். போர்க்காலத்தில் இரு கை நீட்டி வரவேற்ற நாடு, போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்புமாறு அவ்வீரரைத் தூண்டியது. 1948 யூன் மாதத்தில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் தில்பரித் துறையை அடைந்தபோது, அதிலே வேலை தேடி மீண்டும் வந்த முன்னாள் ஆகாயப்படையினர் பலர் இருந்தனர்.

ஆயினும் அவர்களுடைய தொண்டு வீண்போகவில்லை. சமமாக உயிர் கொடுக்கத் தகுந்தவர் சமமாக வாக்களிக்கத் தகாதவர் என்று சொல்ல எந்த அரசாலும் நெடுநாள் இயலாது. இலங்கை 1931இல் பெற்ற சருவசன வாக்குரிமையை, போர் முடியுமுன்னரே, 1944இல் ஜமெய்க்கா பெற்றது. பில்லி ஸ்ட்ராகன் குடியேற்ற ஆட்சிக்கு எதிரான இயக்கத்தில் ஈடுபட்டார். உல்ரிக் குரோஸ் நீதிபதியாகி, சுதந்திரம் பெற்ற ஆபிரிக்க நாடுகளிலும் தம் சொந்த நாட்டிலும் பணியாற்றினார். ஆகாயப்படையிற் பறந்த எரல் பரோ, 1966 நவம்பர் 30ஆம் நாள் பார்படோசைச் சுதந்திர நாடாக்கி, அதன் முதற் பிரதமரானார்.

இவர்களது விசுவாசத்தை அடிமை மனப்பான்மை என்று தள்ளுவதும், பேரரசின் பெருமைக்குச் சான்றென்று கொள்ளுவதும் ஒருங்கே தவறாகும். பேரரசு தன் வாயாற் பேசிய நீதியை அவர்கள் மெய்யென்று எடுத்துக்கொண்டனர், அதற்காகப் போரிட்டனர், பின்பு அந்நீதியைத் தமக்கும் தருமாறு நிமிர்ந்து நின்று கேட்டனர். கடமையை முடித்தவன் கேட்கும் உரிமைக்கு மறுமொழி சொல்லுவது எளிதன்று.