பெருந்தொற்றுக் கால மூட்டு மாற்று அறுவைக்கு நோயாளர் இசைவு

உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைகளுக்குக் கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் நோயாளர் உடன்படும் மனநிலையை இது குறிக்கும். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2020 மார்ச்சில் அவசரமற்ற அறுவைகளைத் தள்ளிவைக்கச் சொன்னது. மீண்டும் அழைத்தபோது எல்லோரும் வந்துவிடவில்லை. இத்தயக்கத்தை வெறும் பீதி என்று ஒதுக்கிவிட முடியாது. அறுவையையொட்டித் தொற்று கண்ட 1,128 பேரில் 23.8 விழுக்காட்டினர் 30 நாளுக்குள் இறந்ததாக அதே ஆண்டு ‘லான்செட்’ இதழின் பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆனால் அது தொற்றுக்கு ஆளானவர்களின் கணக்கு மட்டுமே. அவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு நடந்தவை அவசர அறுவைகள். திட்டமிட்ட அறுவைக்கு வரும் எல்லோருக்கும் அதைப் பொருத்துவது பிழை.

மறுபக்கம், காத்திருப்பும் தீங்கற்றதன்று. பிரிட்டனில் பெருந்தொற்றின்போது நடந்த ஆய்வொன்றில், இடுப்பு மூட்டுக்குக் காத்திருந்தோரில் 35 விழுக்காட்டினரின் நிலை வாழ்க்கைத்தர அளவுகோலில் ‘சாவைவிட மோசம்’ என்ற படியில் இருந்தது, முழங்காலுக்கு 22. வலி நெருக்கித் தரும் இசைவு உண்மையான இசைவா என்று கேட்கலாம். வலியில்லாமல் யார்தான் மூட்டை மாற்றிக்கொள்கிறார்கள்? இசைவைச் செல்லாததாக்குவது வலியன்று, அரைகுறைத் தகவல். முன்பரிசோதனை, தொற்றற்ற தனி வளாகம் ஆகியவற்றை விளக்கிய பின் பெறும் சம்மதமே கணக்கில் கொள்ளத்தக்கது. தொற்றிலிருந்து மீண்டவர்கள், இயன்றவரை ஏழு வாரமேனும் பொறுத்து அறுவைக்கு வருமாறு 2021இல் பரிந்துரைக்கப்பட்டது.