அப்பாரு துப்பாக்கியும் எங்கூட்டு நாயும்

போன வாரம் சாயங்காலம் பால் கறந்துக்கிட்டு இருக்கும்போது பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கட்டுத்தரைக்கே வந்து உக்காந்துட்டார். "தம்பி, ரெண்டு பேருமே துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போட்டுரலாமா? இனி நாயையும் டார்ச் லைட்டையும் நம்பிக்கிட்டு இருந்தா ஆகாது" என்றார்.

அவர் பயத்தில் பொய் இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த வருசமே சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி. எங்க பக்கத்திலும் பிள்ளைகள் எல்லாம் திருப்பூர், கோயமுத்தூர், பெங்களூர்னு போயாச்சு. தோட்டத்துச் சாளையில் மிச்சம் இருப்பது ரெண்டு பெரியவங்களும் நாலு மாடும் ஒரு நாயும்தான். கூப்பிட்டால் கேக்கிற தூரத்தில் ஆள் கிடையாது.

அண்ணனுக்கு அன்னைக்குப் பதில் சொல்ல முடியலை. நம்ம முன்னோர் போலீஸ் இல்லாத காலத்தில் எப்படித்தான் தூங்கினாங்கன்னு யோசிச்சேன். படிச்சதையும் கேட்டதையும் இங்கே எழுதுறேன்.

கொங்கு நாட்டில் பல ஊர்களில் புலிகுத்திக்கல் பார்த்திருப்பீங்க. பட்டிக்கு வந்த புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு நட்ட கல். வடக்கே திருவண்ணாமலை, செங்கம் பக்கம் போனால் மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு வரிசையாக நடுகல் இருக்கு. அதில் எடுத்தனூர்க் கல் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலத்தது. வீரன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கி இருக்கு. அதன் பேர் கோவிவன். எசமான் விழுந்த பிறகும் அங்கேயே நின்னு, வந்த கள்ளர் ரெண்டு பேரைக் கடிச்சுக் காவல் காத்துச்சாம். நாய்க்கும் பேர் வெட்டி வெச்ச ஊருங்க நம்முளுது!

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்'னு ஒரு வரி வரும். ஊர்க்காவலுக்காக ஊரே கொடுத்தது. பின்னால் மதுரை, திருநெல்வேலிச் சீமையில் இது பெரிய ஏற்பாடாகவே வளர்ந்தது. அறுப்புக் காலத்தில் காவல்காரருக்கு இத்தனை தானியம்னு களத்திலேயே அளந்து போடுவாங்க. அதுக்குப் பதிலா ஒரு கட்டுப்பாடு: களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரணும், இல்லாட்டி ஈடு கட்டணும். இன்னைக்கு எந்தக் காவலும் அப்படி ஒரு வாக்குக் கொடுக்கிறதில்லை. அவங்க கையில் இருந்தது வேலும் வளரியும் கம்பும்தான். வேலை ஓய்ஞ்ச மாசங்களில் சிலம்பம் பழகுறது விளையாட்டு மட்டும் இல்லைங்க, காவலுக்கான பயிற்சியும்கூட.

அதில் கோளாறே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கூலி தராத ஊரில் காவல்காரரே களவுக்குத் துணை போன கதையும் உண்டு. காவல் காக்கிறவனை யார் காவல் காக்கிறதுங்கிற கேள்வி அன்னைக்கே இருந்திருக்கு.

பாளையக்காரர் போர் முடிஞ்ச கையோடு எல்லாம் தலைகீழாச்சு. 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் தென்சீமைக்கு ஓர் அறிவிக்கை விட்டார். ஆயுதம் வெச்சிருக்கக் கூடாது, கோட்டைகளை இடிக்கணும். ஊர் ஊராக ஆயுதங்களைப் பிடுங்கினாங்க. 1859-ல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. 1878-ல் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வெச்சிக்க லைசென்சு வேணும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். நம்ம பயிரைக் காக்க நாமே மனுப்போட்டுக் காத்திருக்கிற பழக்கம் அங்கேதான் ஆரம்பம்.

சுதந்திரம் வந்தும் அந்தப் பழைய சட்டம்தான் பல வருசம் ஓடுச்சு. 1959-ல்தான் புதுச் சட்டம் வந்தது. அதில் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஓர் இடம் இருக்கு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்சு தரலாம்.

எங்க அப்பாருகிட்ட அப்படி ஒண்ணு இருந்தது. கடலைக்காட்டுக்கு வர்ற பன்னிக்காக வாங்கினது. கருமருந்தை அளந்து போட்டு, தேங்காய் நாரை அடைச்சு, கோலால் இடிச்சு, ரவை போட்டு, மறுபடி நார் அடைச்சு, கடைசியில் கேப்பு வைக்கணும். ஒரு வெடிதான். அடுத்த வெடிக்குள்ள பன்னி பக்கத்து ஊரே போயிரும். மழை ஈரம் பட்டால் அதுவும் இல்லை.

ஒரு மார்கழி ராத்திரி. நான் அப்போ ஆறாவது படிச்சேன். தொண்டுப்பட்டிப் பக்கம் சரசரன்னு சத்தம். அப்பாரு துப்பாக்கியைக் கெட்டிச்சு எடுத்துக்கிட்டு வாசலில் நின்னார். வேலி ஓரமா ஓர் உருவம் குனிஞ்சு நகருது. குறி வெச்சிட்டார். ஆத்தா கதவோரம் நின்னு மூச்சு விடலை. நல்லாக் குறி பார்த்தவர் அப்படியே குழலைக் கீழே இறக்கிட்டார். "நாய் குலைக்கலையே" என்றார். "ஆருப்பா அது?"ன்னு ஒரு சத்தம் போட்டார். "நான்தானுங்க, எருமை அத்துக்கிட்டு வந்துருச்சுங்க"ன்னு அழுகிற குரலில் பதில் வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பையன். எங்க நாய்க்கு அவனைத் தெரியும். அப்பாருக்கு நாயைத் தெரியும். அதனால ஓர் உசுரு மிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் அப்பாரு அந்தத் துப்பாக்கியை ராத்திரியில் தொட்டு நான் பார்த்ததில்லை. தேர்தல் வந்தால் ஸ்டேசனில் ஒப்படைச்சு, முடிஞ்சதும் போய் வாங்கிட்டு வருவார். ஒரு தடவை ஒப்படைச்சவர் லைசென்சைப் புதுப்பிக்கவே இல்லை.

இப்போ சட்டம் இன்னும் இறுகி இருக்கு. 2016 ஆயுத விதிகளில் பாதுகாப்புப் பயிற்சியும் ஒரு நிபந்தனை. எப்படிப் பிடிக்கணும், எப்படிப் பூட்டி வைக்கணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. நல்லதுதான். 2019 திருத்தத்தில் ஒருத்தர் மூணு வெச்சிருக்கலாம்னு இருந்ததை ரெண்டாகக் குறைச்சு, லைசென்சை அஞ்சு வருசத்துக்கு நீட்டினாங்க. தற்காப்பு உரிமையையும் சட்டம் மறுக்கலை. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாதுன்னும் அதே சட்டம் சொல்லுது. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், எழுவது வயசுக் கண்ணில் அந்தத் 'தேவை'யை யார் அளக்கிறது? அப்பாருக்கு வந்த அந்த ஒரு நொடி நிதானத்தை எந்தச் சான்றிதழ் தரும்?

இன்னொண்ணு. வந்தவன் முந்திக்கிட்டால், துப்பாக்கி அவன் கையில். தனியா இருக்கிற பெரியவங்க வீட்டில் அதுதான் பெரிய ஆபத்து.

நேத்து அண்ணன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அப்போ சும்மா உக்காந்து சாகச் சொல்றியா?"ன்னு கோவிச்சுக்கிட்டார். சும்மா இருக்கச் சொல்லலீங்கண்ணா, பாடிகாவலைத் திருப்பிக் கொண்டு வரலாம்னேன். எங்க ஆறு தோட்டத்துக்கும் சேர்த்து இப்போ ஓர் ஏற்பாடு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு போன். போன் வரலைன்னா கிட்ட இருக்கிற ரெண்டு பேர் நேரில் போய்ப் பார்க்கணும். வாசலிலும் கட்டுத்தரையிலும் விடிய விடிய லைட். தேங்காய் போட, களை எடுக்க வர்ற புது ஆளுங்க பேரும் நம்பரும் எல்லாருக்கும் தெரியணும். தெற்குத் தோட்டத்து ஆத்தா தனியா இருக்காங்க, அவங்க திண்ணையில் முறை வெச்சு ஒருத்தர் படுக்கணும். மொத முறை என்னுது.

அண்ணன் கடைசியில் ஒத்துக்கிட்டார். லைசென்சு மனுவும் போடுவேன்னு சொல்லி இருக்கார். அது அவர் உரிமை, நான் குறுக்கே நிக்கலை. போகும்போது மட்டும், "உங்க நாய் குட்டி போட்டா எனக்கொண்ணு எடுத்து வை"ன்னுட்டுப் போனார்.

ஆண் குட்டியா இருந்தால் கோவிவன்னு பேர் வைக்கச் சொல்லணும்.